பின்சக்கரம் முன்செல்லும் வித்தை

ஓட்டுநர் உரிமத் தேர்வு என்றதும் பலருக்கு நினைவில் எழுவது ‘எட்டு போடுதல்’ எனினும், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 15ஆவது, கார் ஓட்டக் கற்பவரிடம் அதனினும் நுட்பமான ஒன்றைக் கேட்கிறது: வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, வலப்புறமோ இடப்புறமோ உள்ள குறுகிய இடைவெளிக்குள், கட்டுப்பாடு குலையாமல், ஓரளவு துல்லியமாக நுழைக்க வேண்டும். புதுச்சேரியில் பேருந்து நிலையத்துக்கும் இந்திரா காந்தி சதுக்கத்துக்கும் இடையே நெரிசல் மிகுந்த நெல்லித்தோப்பில் வாழ்பவருக்கு இது தேர்வு நாளோடு தீர்ந்துவிடும் பாடமன்று. புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் மொழியில், நிற்கும் இரு வண்டிகளுக்கு நடுவே இவ்வாறு நுழைப்பதைக் குறிக்கும் ‘கிரெனோ’ என்ற சொல்லுக்குக் கோட்டை மதிலின் ஞாயில்களுக்கிடையே விடப்படும் வெட்டு என்பதே முதற்பொருள். இடத்தின் நெருக்கடியை அச்சொல் நன்றாகவே உணர்த்துகிறது.

நெருக்கடிக்கு அடிப்படை காரின் அமைப்பில் உள்ளது. ஸ்டீயரிங்குக்குத் திரும்புபவை முன்சக்கரங்கள் மட்டுமே ஆதலால், முன்னோக்கிச் செல்கையில் அவை வழிகாட்ட, பின்சக்கரங்கள் வளைவின் உட்புறமாக ஒட்டித் தொடர்கின்றன. ரிவர்ஸ் எடுக்கையிலோ திரும்பாத பின்சக்கரங்கள் முதலில் செல்ல, வண்டியின் மூக்கு வெளிப்பக்கமாக அகன்று வீசுகிறது. வண்டியின் பின்புறம் எப்பக்கம் போக வேண்டுமோ அப்பக்கமே ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டியிருப்பதும், பின்னால் மட்டுமே பார்ப்பவர் முன்பம்பரை அடுத்த வண்டியில் உரசிவிடுவதும் இதனால்தான். இரண்டரை மீட்டர் அகலமுள்ள நிறுத்துமிடத்தில் 1.7 மீட்டர் அகலமுள்ள சிறு கார் நடுவில் நின்றால் இருபுறமும் எஞ்சுவது 40 சென்டிமீட்டர்தான். அதற்குள் கதவையும் திறந்தாக வேண்டும்.

இவ்வளவு சிறிய இடத்தில் கைகொடுப்பது வேகக் குறைவே. என்ஜினின் விசையைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் கிளட்சை முழுதும் விடாமல் பாதி நிலையில் பிடித்து வண்டியை ஊர்ந்து நகரச் செய்வதை ‘ஹாஃப் கிளட்ச்’ என்பர். அவ்வாறு ஊரும்போதுதான் கை திருப்பியதன் விளைவைக் கண் கண்டு திருத்த அவகாசம் கிடைக்கிறது. பின்கண்ணாடியின் மூலையில் கம்பம் தெரிந்ததும் ஒரு சுற்று ஒடி என்பது போன்ற அடையாளங்களை மனப்பாடம் செய்விக்கும் பயிற்சி, அந்த ஒரு காருக்கும் அந்த இருக்கை உயரத்துக்கும் மட்டுமே பயன்படும். வண்டி மாறினால் கற்றது கைவிடும். தவறியவர் ஏழு நாள் கழித்தே மீண்டும் தேர்வுக்கு வரலாம் என்றும், மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும் என்றும் சட்டம் வகுத்திருப்பதால், அக்காலத்தைப் பின்சக்கரம் எங்கே உருள்கிறது என்று உணரப் பழகுவதில் செலவிடுவதே தக்கது.

குவிந்த பக்கக் கண்ணாடியில் பொருள்கள் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். பின்பம்பரை ஒட்டி உட்கார்ந்து விளையாடும் குழந்தையோ எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. ரிவர்ஸ் கியர் போடுமுன் ஒருமுறை இறங்கி, வண்டியின் பின்னால் சென்று பார்த்துவிட்டு ஏறுங்கள். உரிமம் கைக்கு வந்த பின்னும் இதை விட்டுவிடாதீர்கள்.