மலரும் நாளை உணர்த்துவது எது?

மூணாற்றுக்கு அண்மையிலுள்ள இரவிகுளம் மலைச்சரிவுகளில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திரளாகப் பூக்கிறது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு பூத்தது. பூத்துக் காய்த்தபின் செடி மடிந்துவிடும். இத்துணைச் செடிகளுக்கும் ஒரே ஆண்டை உணர்த்துவது எது என்று சோதிக்கப் புகுவோர், ஒரு சோதனையின் முடிவைக் காணவே பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்.

ஆராய்வோருக்கு இதனினும் இணக்கமானது புறா ஆர்க்கிடு. டெண்ட்ரோபியம் குருமெனேட்டம் என்பது இதன் தாவரவியற் பெயர். அந்தமான் தீவுகளிலும் மலாயாவிலும் ஜாவாவிலும் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது. சிங்கப்பூரின் சாலையோர மரங்களிலும் இதனைக் காணலாம். ஒரு வட்டாரத்திலுள்ள செடிகள் யாவும் ஒரே காலையில் வெண்மையாக மலர்ந்து மணம் வீசும். பொழுது சாய்வதற்குள் வாடத் தொடங்கும். மலர்ச்சிக்கு ஒன்பது நாள் முன்னர் பெருமழை பெய்திருப்பதைப் பலரும் கவனித்திருந்தனர். ஆகவே மழைநீரே காரணம் என்று எண்ணுதல் இயல்பே.

ஆயினும் மழை நீரை மட்டும் கொணர்வதில்லை. காற்றையும் திடீரெனக் குளிர்விக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி எளியது. ஒரு செடியை நனைக்காமல் குளிர்வித்தும், மற்றொன்றைக் குளிர்விக்காமல் நனைத்தும் பார்த்தால் போதும். ஜாவாவில் ஆராய்ந்த கோஸ்டர் என்பார் 1926-இல் வெளியிட்ட முடிவின்படி, தூண்டுதல் குளிர்ச்சியேயாகும். சில மணி நேரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை சென்டிகிரேடு குறைந்தால் மொட்டு விழித்துக்கொள்கிறது.

ஆனால் எல்லா மொட்டும் விழிப்பதில்லை. மொட்டு ஓரளவு வளர்ந்து, பின்னர் வளர்ச்சி நின்று உறங்கும். அந்நிலையை எட்டிய மொட்டே குளிர்ச்சிக்குச் செவிசாய்க்கும்; இளமொட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். முன்பின்னாகத் தோன்றிய மொட்டுகள் ஒரே நாளில் விரிவதற்கு இவ்வுறக்கமே காரணம். குறிஞ்சியோ இவ்வாறு ஒரு நாள் மழைக்கு இணங்குவதன்று. அதன் கணக்கு செடிக்குள்ளேயே நடைபெறுவதாகக் கருதப்படுகிறது.

ஒருமித்து மலர்வது இந்த ஆர்க்கிடுக்கு வாழ்வா சாவா என்னும் செய்தி. தன் மகரந்தத்தால் அது காய்ப்பதில்லை. மலரின் ஆயுளோ ஒரு பகல். தனித்து வேறொரு நாளில் மலரும் செடிக்குத் தேனீ வந்தும் பயனில்லை. மலாயாவில் ஒரே மழைக்கு ஒன்று 8 நாளிலும், ஒன்று 9 நாளிலும், மற்றொன்று 10 அல்லது 11 நாளிலும் மலரும் டெண்ட்ரோபிய இனங்கள் அருகருகே வளர்கின்றன. ஓரிரு நாள் வேறுபாடே அவற்றின் மகரந்தம் கலவாதபடி காக்கிறது.