அழற்சி வந்தால் குடலின் தாளம் தப்பும்

துவாசில் இரவுப்பணி முடித்து வரும் நண்பரை பூன் லே பிளேஸ் உணவங்காடி நிலையத்தில் அடிக்கடி பார்ப்பேன். நாசி லெமாக் வரிசையில் முதலில் நிற்பவர், இப்போதெல்லாம் வெறும் தேநீரோடு எழுந்துவிடுகிறார். சில மாதங்களுக்கு முன், கெட்டுப்போன உணவால் ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் அவதிப்பட்டவர்.

“கிருமி போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. வயிறு மட்டும் பழையபடி இல்ல,” என்றார். ஒருநாள் சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓட்டம், மறுவாரம் மலச்சிக்கல். “எல்லாம் மனசுதான்” என்கிறார்களாம் வீட்டில்.

மனசு மட்டுமல்ல. காரணம் குடலின் தசையிலும் நரம்பிலும்கூட இருக்கலாம்.

தாளம் போடும் செல்கள்

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளக் குழாய். அதன் சுவரில் ஒரு தசை அடுக்கு சுற்றுவாக்கிலும் மற்றொன்று நீளவாக்கிலும் ஓடுகிறது. உணவுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, குடல் உணவைத் தள்ளுகிறது. 1899ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் இதை விளக்கினர். இதற்குத் தாளம் போடுபவை ஸ்பானிய அறிவியலாளர் கஹாலின் பெயர் தாங்கிய செல்கள். அவை எழுப்பும் அலைகள் இரைப்பையில் நிமிடத்திற்குச் சுமார் 3. சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12.

தாளம் தப்புவது எப்படி?

கிருமி நுழைந்ததும் நோயெதிர்ப்புச் செல்கள் ரசாயனங்களைச் சுரக்கின்றன. அவை கிருமியோடு நிற்பதில்லை. அருகிலுள்ள நரம்பையும் தசையையும் தாக்குகின்றன. தசை சோர்ந்துபோகலாம், அல்லது அளவுக்கு மீறித் துடிக்கலாம்.

பெருங்குடல் புண் அழற்சியில் இரண்டும் நடக்கும். உணவுக்கழிவை நிறுத்திக் கலக்கும் சுருக்கங்கள் பலவீனமாகின்றன. இடையிடையே வலுவான ஒரு சுருக்கம் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. அதனால்தான் அந்த அவசரம்.

வயிற்று அறுவை சிகிச்சையிலும் குடலைத் தொட்டாலே தசை அடுக்கில் அழற்சி எழுந்து, குடல் சில நாள் உறங்கிவிடும். “காற்று பிரிந்ததா?” என்று தாதியர் கேட்பது, அது விழித்துவிட்டதா என்று அறியத்தான்.

கிருமி போனாலும் தடம்

2000ல் கனடாவின் வாக்கர்டன் ஊரில் குடிநீரில் கிருமி கலந்து ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், எழுவர் இறந்தனர். ஈராண்டுக்குப் பின் ஆராய்ந்தபோது, மருத்துவ ரீதியாக நோய் இருப்பதாகக் கருதப்பட்டவர்களில் 100க்கு 36 பேருக்குக் குடல் எரிச்சல் நோய்க்குறி இருந்தது. நோயுறாதவர்களில் அது 10 மட்டுமே. எட்டாண்டுக்குள் பலர் தேறினர் என்பது ஆறுதல்.

நமக்கும் 2009 கேலாங் சிராய் ரோஜாக் சம்பவம் நினைவிருக்கும். 154 பேர் பாதிக்கப்பட்டு, இருவர் உயிரிழந்தனர். அத்தகைய நோய்க்குப் பின் நீடிக்கும் வயிற்றுத் தொல்லையைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

எப்போது மருத்துவரிடம்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். சிங்கப்பூர் ஆய்வுகளில், பெருங்குடல் புண் அழற்சி இந்தியர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டுள்ளது.

குடலில் அழற்சி இருக்கிறதா என்பதைக் கண்டறிய, மலத்தில் கால்புரொடெக்டின் அளவைப் பார்க்கும் பரிசோதனை உதவும். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. மருத்துவரிடம் செல்லும்முன், என்ன சாப்பிட்டோம், எத்தனை முறை போனோம் என்று இரண்டு வாரம் கைப்பேசியில் குறித்துவைத்தால் போதும்; பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லும்.