உப்பளம் தந்த மருந்து

தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் உப்பு செறியச் செறிய நீர் செந்நிறம் கொள்வதைக் காண்கிறோம். ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்களின் நிறமியே பெரிதும் அதற்குக் காரணம். கடும் உவர்நீரில் அவற்றை உண்ணும் உயிர்கள் மிகக் குறைவு. ஆகவே அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துவன பெரும்பாலும் வைரஸ்களே.

தாக்கப்படும் உயிரும் வாளாவிருப்பதில்லை. முன்னர் முஸ்லிம் அந்தலூசியாவில் அடங்கியிருந்த ஸ்பெயினின் அலிகாந்தே வட்டாரத்தில், சாந்தா போலா உப்பளத்து ஆர்க்கியாவை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொஹிக்கா, அதன் மரபணுத் தொடரில் சீரான இடைவெளியில் ஒரே வரி மீண்டும் மீண்டும் வருவதை 1993இல் அறிவித்தார். நுண்ணுயிர் பலவற்றை ஒப்புநோக்கி, அவ்வரிகளின் இடையே உள்ளவற்றுட் சில வைரஸ்களின் மரபணுத் துணுக்குகளே என 2005இல் விளக்கினார். வந்த பகையின் அடையாளத்தைப் பொதிந்துவைத்து, மீண்டும் வருங்கால் இனங்கண்டு வெட்டும் காப்புமுறை அது.

கிரிஸ்பர் எனப்படும் அம்முறையை மரபணுவைத் திருத்தும் கருவியாக்கிய இருவர் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். அதன்வழி அமைந்த அரிவாள்செல் சோகைச் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. நம் நீலகிரிப் பழங்குடியினரையும் வாட்டும் நோய் இது. அமெரிக்காவிலோ அச்சிகிச்சைக்கு 22 லட்சம் டாலர் விலை வைக்கப்பட்டது. அறிவு இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்; உரிய எளியோரை அது சென்றடையும்வரை நம் கடமை நிறைவுறாது.