எரிமலை இல்லாத ஊரின் கரிசல்

மதுரை சிம்மக்கல்லிலிருந்து திருமங்கலம் பக்கம் போகப் போக மண் கறுக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, நல்ல மழை பெய்ததும் உப்பி மூடிக்கொள்ளும் கரிசல். ‘எரிமலைக் குழம்பிலிருந்து உருவானது கரிசல்’ என்று பள்ளியில் படித்த பிள்ளை, மதுரையிலும் எரிமலை இருந்ததா என்று கேட்டால் தப்பில்லை. இருந்ததில்லை. யானைமலையும் திருப்பரங்குன்றமும் பூமியின் ஆழத்தில் உருவான கிரானைட், நைஸ் வகைப் பாறைகள்.

கரிசலை வெடிக்கவும் உப்பவும் வைப்பது ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம். அப்பளக் கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும். இடையில் நீர் புகுந்தால் விரியும். மதுரைச் சமவெளியில் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் மெல்ல மெல்லச் சிதைந்து, மழை குறைவானதால் கால்சியமும் மெக்னீசியமும் கழுவப்பட்டுப் போகாமல் தங்கி, இது உண்டானது.

எரிமலைக் கண்ணாடியிலிருந்தும் இதே ஸ்மெக்டைட் பிறக்கும், அதுவும் வேகமாக. குழம்பு சட்டென்று குளிர்ந்தால் அணுக்கள் படிகமாக வரிசைகட்ட அவகாசம் கிடைக்காது, தாறுமாறாக உறைந்துவிடும். அதுதான் கண்ணாடி. நீர் உள்ளே ஊறினால் சோடியமும் பொட்டாசியமும் வெளியேறும், சிலிக்காவும் அலுமினியமும் கரையும். அப்புறம் என்ன விளையும் என்பது அந்த நீரைப் பொறுத்தது. காரம் மிதமாக, மெக்னீசியம் தாராளமாக இருந்தால் ஸ்மெக்டைட். நீர் தேங்கிக் காரமேறினால் ஜியோலைட். நுண்துளைகள் நிறைந்த, அவற்றுக்குள் நீரையும் சோடியம், கால்சியம் போன்றவற்றையும் வைத்திருக்கும் கனிமம். பல பாறைகளில் இரண்டுமே உண்டு: துளையின் சுவரில் முதலில் ஸ்மெக்டைட் படியும், நடுவில் ஜியோலைட் வளரும்.

ஐஸ்லாந்து அருகே 1963-இல் கடலிலிருந்து எழுந்த சர்ட்சே தீவில் 1979-இல் துளையிட்டார்கள். வெந்நீர் ஊறிய இடத்தில் தளர்ந்த சாம்பல் அதற்குள் கெட்டிப் பாறையாகி, ஜியோலைட்டும் வளர்ந்திருந்தது. ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலோ, சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல் இன்னும் கண்ணாடித் துகளாகவே கிடைக்கிறது. வெந்நீர் படாத சாம்பலுக்கு அவசரமில்லை.

ஜியோலைட்டைப் படிகமாகப் பார்க்க வேண்டுமானால் புனே, நாசிக் பக்கத்துக் கல்குவாரிகளுக்குப் போக வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமையான தக்காண எரிமலைப் பாறையின் பொந்துகளில் ஸ்டில்பைட், ஹியூலண்டைட் கொத்துக் கொத்தாக இருக்கும். மதுரைக்காரர்களுக்கு ஜியோலைட் பெரும்பாலும் சலவைத் தூளில்தான் அறிமுகம். அது ஆலையில் செய்த ரகம். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். நுரை பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.