தரங்கம்பாடியில் சீகன்பால்கின் நாட்கள்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி சோபியா ஹெட்விக் என்ற டேனிஷ் கப்பல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்த பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளூட்சோ ஆகிய இருவரும் ஜெர்மானியர்கள். இருவரையும் அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். சீகன்பால்க் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே என்ற புகழ்பெற்ற போதகரிடம் பயின்றவர். தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் இவர்கள்தாம்.

தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ் வணிகக் கம்பெனியின் கையில் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து பெற்ற அந்தக் கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, துணியும் மிளகும் வாங்கி அனுப்புவதே கம்பெனியின் தொழில். உள்ளூர் மக்களிடம் மதம் பேச ஆட்கள் வருவதை அதன் அதிகாரிகள் விரும்பவில்லை. வியாபாரம் கெடும் என்று அஞ்சினர். அரசரின் கடிதத்தோடு வந்தும் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களைச் சரியாக வரவேற்கவில்லை. தங்க இடமில்லாமல் வெகுநேரம் தெருவில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று தொடங்கிய பகை பல ஆண்டுகள் நீடித்தது.

ஊரில் ஐரோப்பியரோடு பேச உள்ளூர்வாசிகள் பயன்படுத்தியது கொச்சையான போர்த்துகீசிய மொழி. அதைப் புளூட்சோ எடுத்துக்கொள்ள, தமிழ் சீகன்பால்கின் பங்காயிற்று. அவர் வயது முதிர்ந்த ஒரு வாத்தியாரை அமர்த்தி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்தார். சிறுவர்கள் மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழக, பல்கலைக்கழகம் பார்த்த அந்த இளைஞரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார். வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாததால் எழுத்துகளின் வடிவம் புரிந்தது, பொருள் புரியவில்லை. பிறகு பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் என்ற துபாஷியின் (மொழிபெயர்ப்பாளரின்) உதவி கிடைத்தது. ஓராண்டுக்குள் தமிழில் பிரசங்கம் செய்யும் அளவுக்கு அவர் தேறிவிட்டார்.

ஒரு நாளை எப்படிச் செலவிட்டார் என்பதைச் சீகன்பால்க் தம் கடிதத்தில் மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறார். மிஷனரி வாழ்க்கையை உள்ளே போய்ப் பார்க்க இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. காலை ஜெபமும் ஞானோபதேசப் பாடமும் முடிந்ததும், ஏழு மணிக்கு அதுவரை சேர்த்துவைத்த தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை புதிய தமிழ் நூல்களை வாசிப்பார். பக்கத்தில் வயதான புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பார்கள். கடினமான இடத்துக்குப் புலவர் விளக்கம் சொல்ல, புதிய சொற்களை எழுத்தர் குறித்துக்கொள்வார். மதிய உணவின்போது ஒருவர் வேதத்தை வாசித்துக் காட்டுவார். வெயில் கொளுத்தும் ஒரு மணி நேரம் ஓய்வு. பிறகு மீண்டும் ஞானோபதேச வகுப்பு. மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மறுபடியும் தமிழ் நூல்கள். அந்தி ஜெபத்துக்குப் பிறகு விளக்கொளியில் ஓலையைப் படிக்கக் கண் ஒத்துழைக்காது என்பதால், தமிழர் ஒருவர் படிக்க இவர் கேட்பார். பேச்சிலும் எழுத்திலும் எந்த நூலின் நடை தமக்கு வர வேண்டுமென்று விரும்பினாரோ அந்த நூலையே அந்த நேரத்துக்குத் தேர்ந்துகொள்வார். அதையே எத்தனையோ முறை திரும்பத் திரும்பக் கேட்பார்.

இந்தக் கால அட்டவணையில் பாதிக்கு மேல் படிப்புதான். அதை ஊழியத்துக்கான முன்தயாரிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அவருடைய ஊழியத்தின் உயிர்நாடியே அங்குதான் இருந்தது. சுவடி திரட்ட ஆட்களை ஊர் ஊராக அனுப்பி, கிடைத்ததை விலைக்கு வாங்கினார். விலைக்குக் கிடைக்காததைப் படியெடுக்கச் செய்தார். 1708இல் தம்மிடமிருந்த நூல்களுக்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றுள்ளன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழருக்கு ஒழுக்கமும் கல்வியும் இல்லை என்று ஐரோப்பாவில் நிலவிய எண்ணம் தவறு என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர்களுடைய சமயம் பிழை என்ற நம்பிக்கையை மட்டும் அவர் கடைசி வரை விடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் சரியாகப் புலப்படுவார்.

படிப்புக்கு வெளியே பள்ளியும் சபையும் இருந்தன. 1707 மே மாதம் டேனிஷ்காரர்களிடம் அடிமைகளாக இருந்த ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றனர். ஆகஸ்டில் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதே ஆண்டு பெண் குழந்தைகளுக்கும் பள்ளி தொடங்கியது. அந்நாளில் இது எளிதில் நடக்கக்கூடிய காரியம் அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் மிஷனே கொடுத்தது. அதனால் பணக் கவலை நாள்தோறும் இருந்தது. கப்பல்கள் எப்போதாவதுதான் வரும். கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டுக்கு மேல் ஆகும். துறைமுகம் இல்லாத ஊர் என்பதால் கப்பல் ஆழ்கடலில் நிற்க, சரக்கு சிறு படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். 1708இல் மிஷனுக்கென வந்த பணம் இப்படிக் கரைக்குக் கொண்டுவரும்போது கடலில் மூழ்கிப்போனது.

அதே ஆண்டு நவம்பரில், கடன் வழக்கொன்றில் ஒரு விதவைக்காகப் பரிந்து பேசியதை முன்னிட்டு எழுந்த தகராறில் ஹாசியஸ் சீகன்பால்கைக் கோட்டையில் சிறை வைத்தார். நான்கு மாதச் சிறைவாசத்தின் தொடக்கத்தில் எழுதுகோலும் தாளும்கூட மறுக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். விடுதலையான பின் தொடர்ந்து உழைத்து 1711 மார்ச்சில் அதை முடித்தார்.

அச்சிடுவது மொழிபெயர்ப்பை விடப் பெரும்பாடாக இருந்தது. அச்சுப்பொறி லண்டனிலிருந்து புறப்பட்டது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். கூட வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்துபோனார். தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அச்சிட்டால் கையிருப்புத் தாள் போதாது. எனவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். அதற்கான ஈயத்துக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினர். பொறையாற்றில் தாள் ஆலையும் அமைத்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. அப்போது சீகன்பால்க் ஐரோப்பாவில் இருந்ததால், பணியை முன்னின்று முடித்தவர் உடன் ஊழியர் குருண்ட்லர்.

அந்த ஐரோப்பியப் பயணத்தில் சீகன்பால்க் தம் தமிழ் இலக்கண நூலை ஹாலேயில் அச்சிட்டார். மரியா தொரோத்தேயா என்பவரை மணந்துகொண்டு 1716இல் திரும்பினார். புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. ஆனால் கோபன்ஹேகனில் மிஷன் செயலாளராக இருந்த வெண்ட், மிஷனரிகள் ஆலயம், பள்ளி, அச்சகம் என்று பணம் செலவழிக்காமல் ஏழைகளாக ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்க வேண்டும் என்று கண்டித்து எழுதினார். ஏற்கனவே உடல்நலம் குன்றியிருந்த சீகன்பால்கை அந்தக் கடிதங்கள் மனமுடையச் செய்தன. 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, 36 வயதில் அவர் இறந்தார். தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வெண்டின் கண்டிப்பு நியாயமற்றது. தமிழரின் வீட்டுத் திண்ணையிலும் சுவடியிலும் செலவிட்ட நேரம் இல்லாமல் அந்தப் பிரசங்கங்கள் எழுந்திருக்க முடியாது. ஹாலேயில் இருந்தவர்களும் இதை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713இல் எழுதி அனுப்பிய விரிவான நூலை, மிஷனரிகளின் வேலை புறச்சமயத்தை ஒழிப்பதே, அதை ஐரோப்பாவில் பரப்புவது அல்ல என்று சொல்லிப் பிராங்கே அச்சிட மறுத்தார். கையெழுத்துப் பிரதி ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. 154 ஆண்டுகளுக்குப் பிறகு, 1867இல் அந்த நூல் சென்னையில் அச்சேறியது.