கொளத்தூரிலிருந்து குமரிக்கு: வண்ண மீன் உயிரோடு வந்து சேர...

குமரி மாவட்டத்து வாசகர்கள் வண்ண மீன் பற்றிக் கேட்பதில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். சென்னையில் வாங்கிய தாய் மீன்கள் பெட்டியைத் திறந்தபோது நன்றாகத்தான் நீந்தின, தொட்டியில் விட்ட மறுநாள் ஏன் செத்து மிதந்தன என்பது ஒன்று. வேலை மாற்றலில் கோவைக்கோ சென்னைக்கோ குடிபோகிறோம், பிள்ளைகள் ஆசையாக வளர்க்கும் மீன்களைத் தொட்டியோடு எப்படிக் கொண்டுபோவது என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் வண்ண மீன் வியாபாரத்தின் தலைமைச் சந்தை வடசென்னையின் கொளத்தூர். அந்தப் பகுதியிலும் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் சிமென்ட் தொட்டிகளில் கப்பி, மோலி, பிளாட்டி, ஃபைட்டர், தங்கமீன் என்று பல வகைகளை வளர்க்கிறார்கள். அங்கிருந்து தெர்மாகோல் பெட்டிகளில் அடைத்து ரயிலிலும் ஆம்னி பஸ்ஸிலும் வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். நாகர்கோவிலுக்கு சுமார் 700 கிலோமீட்டர். எழும்பூரில் மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை நம் ஊர். வண்டி ஓடும் நேரம் மட்டும் 12, 13 மணி. கடைக்காரர் பை கட்டுவது, ஸ்டேஷனில் காத்திருப்பது, இங்கே இறங்கி குலசேகரத்துக்கோ கருங்கலுக்கோ பஸ் பிடிப்பது எல்லாம் கூட்டினால் 18 மணி நேரம் ஆகிவிடும். அதனால் பை கட்டும்போதே 24 மணி நேரக் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். பகல் பயணத்தைவிட இரவுப் பயணம் நல்லது. தோவாளைப் பூக்காரர்களுக்கு இதைப் போய் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 18 மணி நேரத்தில் பைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மீன் மூச்சு விடும்போது கரியமில வாயு வெளிவருகிறது. செவுள் வழியாக அம்மோனியாவும் கழிகிறது. மூடிய பையில் இரண்டும் தண்ணீரிலேயே தங்கிவிடும். கரியமில வாயு கரைந்த தண்ணீர் புளிப்பாக மாறுகிறது, அதாவது பி.எச். இறங்குகிறது. புளிப்புத் தண்ணீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அதிகம் தீங்கு செய்யாத அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். ஆக, அழுக்குத் தண்ணீரானாலும் மீன் தாக்குப்பிடித்து ஊர் வந்து சேர்கிறது.

பையை அவிழ்த்ததும் நிலைமை தலைகீழாகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். மளமளவென்று ஏறுகிறது. பி.எச். ஓர் அலகு ஏறினால், விஷமான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். இரவு முழுக்கச் சேர்ந்த அத்தனையும் மீன் நீந்திக்கொண்டிருக்கும்போதே விஷமாக மாறுகிறது. செவுள் வெந்துபோன மீன் உடனே சாகாது. ஒரு நாள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றுவிட்டுப் பிறகு மிதக்கும். நாம் தொட்டித் தண்ணீரைக் குறை சொல்வோம்.

பையைத் திறந்துவைத்து, தொட்டித் தண்ணீரைக் கப் கப்பாக ஒரு மணி நேரம் ஊற்றிப் பழக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நாகர்கோவில் கடையில் வாங்கி ஒரு மணி நேரத்தில் வீடு வருகிறவர்களுக்கு அது சரி. நீண்ட பயணம் வந்த பைக்கு அது எமன். இப்படிச் செய்யுங்கள்: பையை அவிழ்க்காமல், வெயில் படாத இடத்தில், தொட்டித் தண்ணீரின் மேல் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். உள்ளும் புறமும் ஒரே சூடு ஆகிவிடும். பிறகு அவிழ்த்து, வலையால் மீனை மட்டும் அள்ளித் தொட்டியில் விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட தொட்டிக்குள் போகக் கூடாது. தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள், வீணாகாது.

பை கட்டுவதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். பயணத்துக்கு முந்தைய 24 மணி நேரம் பெரிய மீனுக்குத் தீனி போடக் கூடாது. பாவம், பட்டினியா என்று வீட்டில் கேட்பார்கள். வயிறு காலியாக இருந்தால் கழிவு குறையும், அம்மோனியாவும் குறையும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டு, அடி மூலைகளை ரப்பர் பேண்டால் சுருட்டிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிறு மீன் மூலையில் மாட்டி நசுங்கும். வீட்டு அளவில் கொண்டுபோகிறவர்கள் லிட்டருக்குப் பத்து கப்பிக்கு மேல் போட வேண்டாம். ஆண் ஃபைட்டரைத் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும். அது மேலே வந்து காற்றை விழுங்கும் மீன் என்பதால் சாதாரணக் காற்றே போதும். மற்ற மீன்களின் பையில் வாயால் ஊதி நிரப்பாதீர்கள். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். சிலிண்டர் வைத்திருக்கும் மீன் கடையில் கேட்டால் நிரப்பித் தருவார்கள்.

பிளாஸ்டிக் பையும் சிலிண்டரும் இல்லாத காலத்தில் வங்காளத்து மீன் குஞ்சு வியாபாரிகள் மண்பானையில் குஞ்சுகளை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் பானையைக் குலுக்கியபடியே இருப்பார்கள். குலுக்கக் குலுக்கக் காற்று கரையும். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் சூடு ஏறாது. அந்தக் குளிர்ச்சி வேலையை இன்று தெர்மாகோல் பெட்டி செய்கிறது. கோடையில், உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைக்கலாம். பையின் மேலேயே ஐஸ் வைத்தால் மீன் விறைத்துவிடும்.

இனி வீடு மாறுகிறவர்களுக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி நிறைய 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், எடை 56 கிலோ. பாதித் தண்ணீரோடு தூக்கினாலும் சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும். தண்ணீரையும் கூழாங்கல்லையும் எடுத்துவிட்டு, வெறும் தொட்டியைப் போர்வையில் சுற்றி நிறுத்திவைத்து ஏற்றுங்கள்.

கண்ணாடி உடைந்தால் வேறு வாங்கலாம். ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் பத்திரமாகப் பார்க்க வேண்டும். அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அதிலும் கூழாங்கல்லிலும்தான் குடியிருக்கின்றன. வீடு மாறும் சுறுசுறுப்பில் அதைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப்போட்டால், புது வீட்டில் தொட்டி பளபளப்பாக இருக்கும், மீன் இருக்காது. தொட்டித் தண்ணீரிலேயே ஒருமுறை அலசி, அதே தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய வாளியில் போட்டு, மூடியை இறுக்காமல் கொண்டுபோங்கள். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். சாமான் எல்லாம் கட்டியபின் கடைசியாக மீனைப் பிடியுங்கள். புது வீட்டில் பாத்திரம் பண்டம் இறக்கும் முன்பே தொட்டியை நிறுத்துங்கள். மீன் பெட்டி மினி லாரியின் திறந்த பின்பக்கத்தில் இருக்கக் கூடாது. பகலில் வெயிலும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றும் பைத் தண்ணீரின் சூட்டை ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிவிடும். டிரைவர் பக்கத்தில், காலடியில் வையுங்கள்.

சென்னையிலிருந்து இங்கே வரும் மீனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் பூமிக் கிணறுகளில் பெரும்பாலும் மென்னீர், சற்றுப் புளிப்புத் தன்மை. சென்னை ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது, கப்பியும் மோலியும் அதில் செழிக்கும். அவற்றை நம் கிணற்று நீரில் விட்டால் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஆடி ஆடி நிற்கும். கடற்கரைக் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, துணிப்பையில் கட்டி, மீன் வருவதற்கு ஒரு வாரம் முன்பே தொட்டியில் போட்டுவையுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பும் சேர்க்கலாம். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

வந்த அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் ஒரு சிட்டிகை. முதல் வாரம் தினமும் கால் பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் மாற்றுங்கள். ஏற்கெனவே மீன் வளர்ப்பவர்கள் புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடு வைக்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் ஒரு மீனில் வந்தால் மொத்தத் தொட்டியும் போகும்.

கொண்டுபோக முடியாத மீனைக் குளத்தில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுங்கள், குளம் மட்டும் வேண்டாம். தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கும் டேங்க் கிளீனர் மீன் திருவனந்தபுரத்தில் ஆமையிழஞ்சான் தோட்டில் பெருகிக் கிடக்கிறது. அதன் செதில் முள் வலையைக் கிழிக்கும், சமைக்கவும் யாரும் வாங்குவதில்லை. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்கள் நம் கையில் இருக்கின்றன.

வளர்ப்பைத் தொழிலாகத் தொடங்க நினைப்பவர்கள் பறக்கையில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அமைக்கும் வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு மதிப்பு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் பிரிவினருக்கும் 60 விழுக்காடும் மானியம் வகுத்தார்கள். இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொட்டி கட்டத் தொடங்குங்கள். மானியம் கிடைத்தாலும் முதல் முறையே ஆயிரம் மீன் வாங்க வேண்டாம். ஒரு பெட்டி வரட்டும், இரண்டு வாரம் பாருங்கள், பிறகு அடுத்த பெட்டிக்குச் சொல்லலாம்.