படியளக்கும் அற்புதம்

நவரைப் பட்டத்துக்கு எங்கள் வீட்டில் விதைநெல்லுக்கு மூட்டம் போடுவார்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய நெல்லைக் கோணிச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, இன்னொரு நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். மறுநாள் விடியற்காலையில் தாத்தா என்னை எழுப்புவார். "சாக்குக்குள்ள கையை விட்டுப் பாருடா, சூடு கட்டியிருக்கா?" வெளியே மார்கழிப் பனி கொட்டும். சாக்குக்குள்ளே காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் வெதுவெதுவென்று இருக்கும். ஒரு பிடி அள்ளினால் ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாய் ஒரு முளை.

அங்கே யாரும் அடுப்பு மூட்டவில்லை. அப்படியானால் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி என்னோடு சேர்ந்தே வளர்ந்தது. விடை தெரிந்தபோது வியப்பு அடங்கவில்லை, பெருகியது.

அந்தச் சூடு, முந்தின பட்டத்தில் அடித்த வெயில்.

சூரியனை விட்டுக் கிளம்பிய ஒளி எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான பயணத்தில் நெல் வயலுக்கு வந்து சேர்கிறது. இலைக்குள் இருக்கும் பசுங்கணிகத்தில் பச்சையம் அதை ஏந்திக்கொள்கிறது. அந்த வேகத்தில் தண்ணீரே பிளக்கிறது. அதிலிருந்து பிரியும் ஆக்சிஜன் காற்றில் கலந்து நமக்கு மூச்சாகிறது. மிஞ்சியதைக் கொண்டு இலை, காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுகிறது. கையால் பிடிக்க முடியாத வெளிச்சம் இனிப்பாகிவிடுகிறது.

கதிர் பால் பிடிக்கும் நாளில் ஒரு பச்சை நெல்லை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். வெண்மையாய்ப் பால் கசியும். இலையிலிருந்து இறங்கி வரும் சர்க்கரை அங்கேதான் மாவுச்சத்தாகக் கோக்கப்படுகிறது. சர்க்கரையாகவே வைத்திருந்தால் என்ன? சர்க்கரை தண்ணீரை இழுக்கும். அத்தனை சர்க்கரை உதிரியாகக் கிடந்தால் செல் உப்பிப் போகும். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்களை ஒரே சரமாகக் கோத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை. நம் கல்லீரலும் தசையும் இதே முறையில் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. கண்டம் தாண்டும் வலசைப் பறவைகளோ கொழுப்பைக் கட்டுச்சோறாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரி தந்தால் ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். சுமையும் குறைவு, தூரமும் தாங்கும். எந்தக் குதிர் எதற்கு வேண்டும் என்று அறிந்து களஞ்சியம் கட்டிய கையை எண்ணிக் கும்பிடத் தோன்றுகிறது.

சேர்ப்பதைவிடப் பெரிய அதிசயம், எடுத்துச் செலவழிப்பதில் இருக்கிறது. ஒரு பிடி சர்க்கரையைத் தீயில் போட்டால் குமிழ்விட்டுக் கருகி, தன்னிடம் உள்ளதை ஒரே மூச்சில் கொட்டிவிடும். செல்லும் அதே சர்க்கரையை, அதே ஆக்சிஜனைச் சேர்த்துத்தான் எரிக்கிறது. முடிவில் மிஞ்சுவதும் அதே கரியமில வாயுவும் தண்ணீரும்தான். ஆனால் செல் கருகுவதில்லை. பல படிகளில், படிக்கு ஒரு நொதியைக் காவல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை இறக்குகிறது. குதிர் நிறைய நெல் இருந்தாலும் வீட்டில் அன்றன்றைக்கு ஆழாக்கால் அளந்துதானே உலையில் போடுகிறோம்? செல்லிலும் ஓர் ஆழாக்கு உண்டு. அதன் பெயர் ஏ.டி.பி.

மூன்று பாஸ்பேட்டுகளை வரிசையாகத் தாங்கிய சிறு மூலக்கூறு அது. வேலை வரும்போது கடைசிப் பாஸ்பேட் கழன்று ஆற்றலைத் தருகிறது. காலியான ஆழாக்கு நிரம்புவதற்காகத் திரும்பிப் போகிறது. ஒரு குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ முப்பது ஆழாக்கு நிறையும். 1929-ல் ஏ.டி.பி.யை ஜெர்மனியில் கார்ல் லோமான் கண்டறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியாகக் கண்டறிந்தார்கள். சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கடல் கடந்து போனவர். எல்லா உயிருக்கும் பொதுவான படியைக் கண்டவர்களில் ஒருவர் நம் சென்னையில் பாடம் கேட்டவர் என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

அந்த ஆழாக்கு எப்படி நிறைகிறது என்பதுதான் இந்தக் கதையிலேயே என்னைக் கைகூப்ப வைக்கும் இடம். நம் செல்களில் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய அறைகள் உண்டு. சர்க்கரையிலிருந்து இறங்கும் ஆற்றல், அவற்றின் உட்சவ்வுக்கு ஒரு பக்கத்தில் புரோட்டான்களைத் தேக்குகிறது, அணையில் தண்ணீரைத் தேக்குவதுபோல. தேங்கியவை திரும்பி வர ஒரு மதகு உண்டு. அந்த மதகில் ஒரு சக்கரம் நிஜமாகவே சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. நொடிக்கு நூறு சுற்றுக்கும் மேல் அதனால் சுழல முடியும்.

1961-ல் பிரிட்டனின் பீட்டர் மிட்செல் இந்தத் தேக்கத்தைப் பற்றிச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தச் சக்கரத்தைத் தனியே பிரித்துக் கண்ணாடியில் ஒட்டி, அதன் அச்சில் ஒளிரும் புரத இழை ஒன்றைக் கட்டி, ஏ.டி.பி.யை ஊட்டினார்கள். நுண்ணோக்கியின் கீழே, இருட்டில், அந்த ஒளிக்கீற்று சுற்றிச் சுற்றி வந்தது. உயிரின் ராட்டினத்தை மனிதக் கண் பார்த்துவிட்டது. இதே வகைச் சக்கரம் நெல் இலையின் பசுங்கணிகத்திலும் சுழல்கிறது. முளைவிடும் விதையிலும், விதையை அள்ளும் விரலிலும் சுழல்கிறது.

நம் உடலில் எந்த நேரத்திலும் கையிருப்பாக இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோவுக்கும் குறைவு. ஆனால் ஒரு நாளில் நாம் செலவழிப்பதோ ஏறத்தாழ நம் உடல் எடை அளவு! ஒவ்வொரு ஆழாக்கும் நாளெல்லாம் நூற்றுக்கணக்கான முறை காலியாகி நிறைகிறது. அது நின்றால் என்ன ஆகும் என்பதை இறந்த உடலின் விறைப்பு சொல்கிறது. தசை இறுகுவதற்கு மட்டுமல்ல, இறுகிய பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும். படியளப்பு நின்ற தசைக்கு இளகத் தெரியாது. விரித்த உள்ளங்கை உயிருள்ளவனுக்கே கிடைத்த வரம்.

இந்த ஆற்றல் வெளிப்படும் கோலங்கள் எத்தனை! மின்மினியின் வயிற்றில் ஏ.டி.பி.யின் துணையோடு வெளிச்சமாகிறது. தாமரையில் வேறொரு வழி திறந்து வெப்பமாகவே வெளிவருகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்து பார்த்தார்கள். சுற்றியுள்ள காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தபோதும் மலர்ந்த தாமரையின் உள்ளே 30 டிகிரிக்கு மேல் வெப்பம் நிலைத்திருந்தது. தேடி வரும் வண்டுக்குக் குளிருக்கு இதமான ஓர் அறை.

மூட்டத்துச் சூட்டுக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. சர்க்கரை தரும் ஆற்றலில் ஒரு பங்குதான் ஆழாக்கில் ஏறும். மீதி வெப்பமாகக் கசியும். லட்சக்கணக்கான விதைகள் ஒன்றாக மூச்சுவிட்ட சூடு அது. என் உள்ளங்கையின் சூடும் அதுவேதான்.

எல்லா உயிருக்கும் படியளப்பவன் என்று பெரியவர்கள் இறைவனைச் சொல்வார்கள். ஒரு நெல்லை உரித்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். ஓரத்தில் சின்னதாக முளைக்கரு; மற்றதெல்லாம் அதற்கு வைத்த சோறு. இரண்டு மூன்று இலை விட்டு வெயிலைத் தானே ஏந்தும்வரை அந்தப் பயிருக்கு அது போதும். அந்தச் சோற்றைத்தான் நாம் எடுத்துச் சாப்பிடுகிறோம். தட்டுக்கு வெளியே ஒரு பருக்கை சிந்தினாலும் என் பாட்டி குனிந்து பொறுக்கி எடுப்பார். இப்போது நானும் பொறுக்குகிறேன்.